புண் ஆறியதும் ஆறு புண்ணும்

மதுரையில் இருக்கும் என் அத்தைக்குச் சென்ற மாதம் காலில் அடிபட்டது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் பேசுவான், எழுத்து தெரியாது. காயம் காய்ந்ததும் அத்தை அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்: "புண்ணு ஆறிடுச்சு ராசா, கவலப்படாத." அவன் அதை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டிருக்கிறான். ஆறு புண்கள் இருப்பதாக வந்திருக்கிறது. நடுராத்திரியில் எனக்குப் போன். "மாமா, அம்மாச்சிக்கு என்ன ஆச்சு?"

அவனைத் தேற்றிவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முதல் தொகுதியை எடுத்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதி அது, பின்னிணைப்பு தனி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதில் 'ஆறு' ஒரே சொல்லாக நிற்பதில்லை. எண் இருக்கிறது, நீரோடும் ஆறு இருக்கிறது, வழி என்னும் பழம்பொருளும் இருக்கிறது. சூடு தணிவதும் புண் காய்வதும் 'ஆறு-தல்' என்ற வினையின் கீழே வருகின்றன. எந்த நூலில் அந்தப் பொருள் வந்தது என்பதற்குச் சான்றும் உண்டு.

ஆனால் 'ஆறிடுச்சு' என்று தேடினால் அங்கே கிடைக்காது. அது 'ஆறிவிட்டது' என்பதன் பேச்சு வடிவம், அதன் வேர் 'ஆறு' என்று உரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே அகராதி கதவு திறக்கும். ஒரு காலத்தில் சொல்லுக்குப் பொருள் தேடுவது இதைவிடக் கடினமாக இருந்தது. சொற்பொருள் சொல்லும் நிகண்டுகள் செய்யுளில் இருந்தன, மனப்பாடம் செய்தவரே பொருள் சொல்ல முடியும். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தபோது, எழுத்து வரிசை தெரிந்த எவரும் சொல்லைத் தேடலாம் என்றானது. அது எத்தனை பெரிய விடுதலை!

அடுத்த பெரும் தாவல் நம் கண்முன்னே நடந்தது. கூகுள் மொழிபெயர்ப்புச் சேவை 2006-இல் தொடங்கியது, 2011-இல் தமிழும் சேர்ந்தது. அப்போது அது புள்ளியியல் முறையில் இயங்கியது. ஒரே செய்தி இரண்டு மொழிகளில் இருக்கும் ஏராளமான வாக்கிய இணைகளை ஒப்பிட்டு, எந்தத் தொடருக்கு எந்தத் தொடர் அடிக்கடி ஈடாக வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் முறை அது. 2017-இல் தமிழுக்கும் நரம்பணு வலையமைப்பு முறை வந்தது. இதில் ஒவ்வொரு சொல்லும் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாறுகிறது. பக்கத்துச் சொற்களைப் பொறுத்து அந்த எண்களும் மாறும். 'ஆறு பெருகி ஓடியது' என்றால் நதியின் பக்கம் சாயும், 'ஆறு பேர் வந்தார்கள்' என்றால் எண்ணின் பக்கம் சாயும். அகராதிக்கு இது தெரியாது. வாக்கியத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளும் இந்தத் திறமையை நான் மனதாரப் போற்றுகிறேன்.

பிறகு ஏன் அத்தையின் வாக்கியத்தில் சறுக்கியது? முன்பின் பார்க்காத சொல் வந்தால் இயந்திரம் அதைத் துண்டுகளாக உடைக்கும். எந்த இடத்தில் உடைப்பது என்பதைப் பெரும்பாலும் இலக்கணம் முடிவு செய்வதில்லை. பயிற்சிக்குத் தந்த உரையில் எந்தத் துண்டு அதிகம் வந்தது என்ற கணக்குத்தான் முடிவு செய்கிறது. அந்த உரையோ பெரும்பாலும் செய்திகள், அரசு ஆவணங்கள் போன்ற எழுத்துத் தமிழ். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவினர் 2021-இல் வெளியிட்ட சமானந்தர் தொகுப்பில் 11 இந்திய மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்குமாக ஏறத்தாழ 5 கோடி வாக்கிய இணைகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இணையத்திலிருந்து திரட்டியவை. அடுப்படியிலும் களத்துமேட்டிலும் புழங்கும் தமிழ் இணையத்தில் எவ்வளவு இருக்கும்? கரிசல் காட்டுச் சொற்களைக் கி. ராஜநாராயணன் ஊர் மக்களின் வாயிலிருந்து கேட்டுத்தான் வட்டார வழக்கு அகராதியாகத் தொகுத்தார். அந்த உழைப்புக்கு இன்னும் மாற்று இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மொழிபெயர்க்கும்போது இயந்திரம் ஒவ்வொரு இடத்திலும் பல சொற்களுக்கு நிகழ்தகவு கணக்கிடுகிறது. 'எண்ணாக இருக்கலாம், ஆறிப்போனதாகவும் இருக்கலாம்' என்ற தயக்கம் அதன் உள்ளே எண்களாக இருக்கிறது. திரைக்கு வரும்போது ஒரே விடைதான் மிஞ்சுகிறது, அதுவும் முழு உறுதியோடு. 'அவர் வந்தார்' என்பதில் வந்தவர் ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆணாகவே வந்து நிற்கிறது. லெக்சிகன் எல்லாப் பொருளையும் நம்முன் விரித்துவைத்து, தேர்வை நம்மிடம் விடுகிறது. இயந்திரமும் தன் தயக்கத்தைத் திரையில் காட்டியிருந்தால் ஒரு பிள்ளை அன்றிரவு பதறியிருக்க மாட்டான்.

சிகாகோ பல்கலைக்கழகம் தமிழ் லெக்சிகனை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. சொற்பொருள் ஆங்கிலத்திலும் உண்டு. அந்த இணைப்பை அவனுக்கு அனுப்பி, எப்படித் தேடுவது என்றும் சொன்னேன். மறுநாள் மாலை மறுபடியும் போன்.

"மாமா, காபி ஆறிப்போச்சுன்னு அம்மாச்சி சொல்றாங்களே, அதுவும் இதே ஆறுதானா?"

"அதேதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்போ ஆறுதல் சொல்றதும்?"