மேடையில் பீடம் தேடிய பெண்மணி

இறைவன் மனிதரை அழைக்கும் வழிகள் வியப்புக்குரியவை. சிறுவன் சாமுவேலுக்கு நள்ளிரவில் ஒரு குரல் கேட்டது. பவுலடியாருக்குத் தமஸ்கு நகர் செல்லும் வழியில் ஓர் ஒளி தோன்றியது. 1904-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க நாடக நடிகைக்குக் கிடைத்த அழைப்போ, ஒரு சிகரெட் விளம்பரத்தின் உருவில் வந்தது.

வாசகர்கள் நகைக்க வேண்டாம். நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில், ஒரு கடையின் சுவரில் ஒட்டப்பட்டிருந்த விளம்பரம் அது. அதில் பண்டைய எகிப்தியரின் தேவதையான ஐசிஸ், கோயில் வாயிலில் அசைவற்று அமர்ந்திருந்தாள். விற்பனைக்காக வரையப்பட்ட அந்தப் படத்தின் முன் நடிகை மெய்ம்மறந்து நின்றார். பிறர் எழுதிய வசனத்தைப் பேசி நடிப்பதன்று தம் பணி. இத்தகைய அமைதியைத் தம் உடலால் உலகுக்குக் காட்டுவதே தம் பணி என்று அன்றே முடிவு செய்தார். அவர்தாம் ரூத் செயின்ட் டெனிஸ். அமெரிக்காவின் நவீன நடனத்திற்குத் தாய் என்று போற்றப்படுவோருள் ஒருவர்.

தாய் தந்த பாடம்

ரூத் டெனிஸ் 1879-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது ஒரு பண்ணை வீட்டில். தாயார் மருத்துவப் பட்டம் பெற்றவர்; பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த காலம் அது. ஆழ்ந்த இறைப்பற்றுடைய அவர், தம் மகளுக்கு விவிலியத்தோடு உடற்பயிற்சியும் கற்பித்தார். அது வெறும் உடற்பயிற்சி அன்று; பிரான்சு நாட்டின் பிரான்சுவா தெல்சார்த் வகுத்த முறை. 1871-இல் மறைந்த தெல்சார்த் ஆர்வமிக்க கத்தோலிக்கர். மூவொரு இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட மனிதனிடம் உயிர், அறிவு, ஆன்மா என்னும் மூன்றும் ஒன்றியிருப்பதால், அவனுடைய ஒவ்வோர் அசைவும் உள்ளத்தின் மொழியே என்று போதித்தவர். அந்த விதை சிறுமி ரூத்தின் உள்ளத்தில் ஆழ விழுந்தது.

ஆயினும் வயிற்றுப்பாடு என்று ஒன்று உண்டன்றோ? பதினைந்து வயதளவில் நியூயார்க் நகரின் மலிவான கேளிக்கை அரங்குகளில் ஆடத் தொடங்கினார். பின்னர் புகழ்பெற்ற நாடக முதலாளி டேவிட் பெலாஸ்கோவின் குழுவில் நடிகையாகச் சேர்ந்தார். ‘சாசா’, ‘டுபாரி’ ஆகிய நாடகங்களில் சிறு வேடங்கள் ஏற்று ஊர் ஊராகச் சென்றார். ஒளி, உடை, காட்சி அமைப்பு ஆகியவற்றால் மக்களைக் கட்டிப்போடும் கலையை அங்கேதான் கற்றார்.

பெலாஸ்கோ யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; எனினும் குருக்கள் அணியும் கழுத்துப்பட்டியை அணிந்தே உலவுவார். எனவே ‘பிராட்வேயின் ஆயர்’ என்று அவரை மக்கள் கேலியாக அழைத்தனர். அந்தப் போலி ஆயரே ரூத்துக்குப் ‘புனிதர்’ பட்டமும் சூட்டினார்! நாடக உலகின் கேளிக்கைகளில் ஒட்டாது ஒதுங்கி வாழ்ந்த இந்த நடிகையை, ‘புனித டெனிஸ்’ என்று அவர் பரிகசித்தார். பரிகாசமே பெயராக நிலைத்தது. பாரிசு நகரின் முதல் ஆயரும் மறைசாட்சியுமான புனித தெனிசுக்கும் இவருக்கும் தொடர்பு ஏதும் இல்லை.

இராதையின் ஆட்டம்

எகிப்திய நடனத்தை அரங்கேற்ற மிகுந்த பொருள் தேவைப்பட்டது. அதற்குள் கோனித் தீவின் கேளிக்கைப் பூங்காவில், இந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டிருந்த பாம்பாட்டிகளையும் ஆடற்பெண்களையும் ரூத் கண்டார். அவர் உள்ளம் இந்தியாவின் பக்கம் திரும்பியது. நூலகங்களில் அமர்ந்து நூல்களைப் புரட்டினார். 1906-ஆம் ஆண்டு சனவரியில் ‘இராதா’ என்னும் நடனம் நியூயார்க்கில் அரங்கேறியது.

கோயிலில் சிலையாக அமர்ந்திருக்கும் தெய்வம் உயிர் பெற்று எழுகிறது. அணிகலன்களோடு பார்வையின் ஆட்டம், மணிகளோடு கேள்வியின் ஆட்டம், மலர்மாலையோடு நுகர்ச்சியின் ஆட்டம், கிண்ணத்தோடு சுவையின் ஆட்டம், தன் உள்ளங்கைகளையே முத்தமிட்டுத் தொடுவுணர்வின் ஆட்டம். ஐம்புலன்களின் களியாட்டம் உச்சத்தை அடைந்ததும் அது தரையில் விழுகிறது. பின்னர் அனைத்தையும் துறந்து எழுந்து, மீண்டும் தன் பீடத்தில் அமைதியில் ஆழ்கிறது. புலன்களை நிரப்பிப் பார்த்தும் நிறைவு காணாத உள்ளம், துறவில் நிறைவு காண்கிறது என்பதே இதன் உட்பொருள். தவக்கால மறையுரைக்கு ஏற்ற பொருள்தான்!

குறைகளும் இருந்தன, அவற்றை மறைத்தல் முறையன்று. கண்ணனின் இராதையை அவர் சமணக் கோயிலில் குடியேற்றினார். பின்னணி இசையோ பிரெஞ்சு இசையமைப்பாளர் தெலீபின் ‘லாக்மே’ என்னும் இசை நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. இந்திய மண்ணை அவர் அதுவரை மிதித்ததே இல்லை. பிறருடைய சமயத்தை அலங்காரப் பொருளாகக் கையாண்டார் என்று இன்றைய ஆய்வாளர்கள் அவரைக் குறை கூறுவதில் நியாயம் உண்டு. மேலும், இந்தப் ‘புனித’ நடனம் பல்சுவை அரங்குகளில், குத்துச்சண்டை வீரருக்கும் வித்தை காட்டும் குரங்குகளுக்கும் இடையே இடம்பெற்றதாகச் சொல்வர். பீடம் தேடியவருக்குக் கிடைத்தது சந்தை.

பள்ளியும் குழுவும்

மூன்றாண்டுகள் ஐரோப்பாவில் ஆடிப் புகழ் பெற்றுத் திரும்பிய அவர் வாழ்வில், டெட் ஷான் என்னும் இளைஞர் குறுக்கிட்டார். மெத்தடிஸ்ட் சபைப் போதகராகப் பயின்றுகொண்டிருந்தபோது தொண்டை அடைப்பான் நோயால் தாக்குண்டு, உடல் செயலிழந்து, அதிலிருந்து மீளப் பயிற்சியாக நடனம் கற்றவர் ஷான். 1914 ஆகஸ்டில் இருவரும் மணந்தனர். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருவர் பெயரையும் இணைத்து ‘டெனிஷான்’ என்னும் நடனப் பள்ளி உருவாயிற்று. நடிகை இப்போது நடன அமைப்பாளர்; ஒரு பெருங்குழுவின் தலைவி. மார்த்தா கிரகாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வெய்ட்மன் ஆகியோர் அங்கே பயின்றவர்களே.

1925-இல் குழு கீழ்த்திசைப் பயணத்தைத் தொடங்கியது. சப்பான், சீனம், பர்மா, இந்தியா, இலங்கை, சாவகம் எனப் பதினைந்து மாத அளவு நீண்ட பயணம் அது. 1926-இல் கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் அவருடைய இந்திய நடனங்களுக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. நம் நாட்டில் கற்றோர் பலர் ஆடற்கலையை இழிவாக எண்ணி ஒதுக்கிய காலம் அது. கலாக்ஷேத்திரா தோன்றியது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1936-இல்தான். ரூத்தின் வருகையால்தான் நம் கலை விழித்தது என்பது மிகை. நாம் தெருவில் விட்டதை ஓர் அயல்நாட்டார் வணக்கத்தோடு கையில் எடுத்தார் என்பது உண்மை.

ஆனால் பெருங்குழுவை நடத்தப் பெரும்பணம் வேண்டும். நியூயார்க்கில் எழுந்த ‘டெனிஷான் இல்ல’த்தின் கட்டடச் செலவுக்காக, 1927-இல் ‘சீக்ஃபெல்ட் ஃபாலிஸ்’ என்னும் பகட்டான கேளிக்கைக் காட்சியோடு அவரும் கணவரும் ஊர் சுற்றினர். கிரகாம் 1923-இலேயே பிரிந்திருந்தார்; ஹம்ஃப்ரியும் வெய்ட்மனும் 1928-இல் வெளியேறினர். ஆசிரியை காட்டிய கீழ்த்திசை அலங்காரங்களை உதறித் தங்களுக்கென்று புது நடனத்தை உருவாக்கினர். 1931-இல் கணவரும் மனைவியும் தனித்தனி வழியே செல்ல, டெனிஷான் முடிவுற்றது. கட்டடம் நிலைக்கவில்லை; கைவிட்டுப் போன மாணவர்களே அவர் கட்டிய நிலையான கட்டடம் ஆயினர். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் இதைச் சிந்திக்கலாம்.

ஆலய வாசலில்

எல்லாம் இழந்த பின்னரே அவர் தாம் தேடியதை நெருங்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ஆன்மிகக் கலைகள் சங்கம்’ ஒன்றை நிறுவி, தாளத்தோடு அசையும் பாடற்குழு ஒன்றை உருவாக்கி ஆலயங்களுக்கு அழைத்துச் சென்றார். 1934-இல் நியூயார்க்கின் ரிவர்சைடு ஆலயத்தில் அன்னை மரியாவின் வாழ்வை நடனமாக அமைத்து, தாமே அன்னையாக ஆடினார். ஐசிஸ் படத்தில் தொடங்கிய பயணம் கன்னி மரியாவிடம் வந்து நின்றது. 1938-இல் அடெல்ஃபி கல்லூரியில் நடனத் துறை ஒன்றையும் தொடங்கினார்.

திருச்சபை நடனத்தை எச்சரிக்கையோடு நோக்குவதில் பொருள் உண்டு. காட்சியாகிவிடும் வழிபாடு வழிபாடன்று. மேற்கத்தியப் பண்பாட்டில் நடனம் பெரிதும் கேளிக்கையோடு பிணைந்திருப்பதால் அதனைத் திருவழிபாட்டில் புகுத்தலாகாது என்று 1975-இல் உரோமைப் பேராயம் விளக்கியது. ஆயினும் நடனம் இன்றும் சமய உணர்வின் வெளிப்பாடாக விளங்கும் பண்பாடுகளை அது வேறாகவே கருதியது. உடன்படிக்கைப் பேழைக்கு முன் தாவீது அரசர் முழு வலிமையோடு ஆடியதையும், பலகணி வழியே பார்த்து இகழ்ந்த மீக்காலையும் விவிலியம் மறைக்கவில்லை. ரூத்தின் வாழ்நாள் முழுவதும் அந்தப் பலகணி திறந்தே இருந்தது. ஒருபுறம் நாடக முதலாளியின் ஏளனம். மறுபுறம் பக்தர்களின் ஐயம்.

இறுதியாக ஒரு காட்சி. பிரிந்து வாழ்ந்தும் ரூத்தும் ஷானும் மணவிலக்குப் பெறவில்லை. 1964-இல், மாசசூசெட்ஸ் மலைப்பகுதியில் ஷான் உருவாக்கிய ‘ஜேக்கப்ஸ் பில்லோ’ அரங்கில், தங்கள் மணவாழ்வின் பொன்விழா ஆண்டில் இருவரும் இணைந்து ஆடினர். ‘யாக்கோபின் தலையணை’ என்பது அவ்விடத்தின் பெயர்; கல்லில் தலைசாய்த்தவர் விண்ணக ஏணியைக் கண்ட கதையை நினைவூட்டும் பெயர். அவருக்கு வயது 85, கணவருக்கு 72. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1968 சூலை 21-இல் ரூத் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

நாம் அனைவரும் நடனமாட வேண்டியதில்லை. ஆனால் உடலும் செபிக்க வல்லது என்பதை நிலைநாட்ட ஒரு பெண்மணி அறுபது ஆண்டுகள் போராடினார். நாமோ முழந்தாளிடும்போது முக்கால் பங்கு இருக்கையில் சாய்ந்திருக்கிறோம். சிலுவை அடையாளத்தை ஈ ஓட்டுவது போல வரைந்து முடிக்கிறோம். வரும் ஞாயிறன்று ஆலயத்தில் நுழையும்போது, நெற்றியிலிருந்து நெஞ்சுக்கும், தோளிலிருந்து தோளுக்கும் நம் கையை ஒருமுறையேனும் நிதானமாகக் கொண்டு செல்வோம். அந்த ஓர் அசைவு போதும். உடலின் செபம் அங்கே தொடங்கிவிடும்.