காந்தளுக்குக் கோடை அளித்தல்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்ப்பெயர்கள் 99 என எண்ணுவர். அவற்றுள் முதலில் நிற்பது காந்தள். முருகன் சூடும் பூ என்றும், மகளிர் விரலுக்கு நிகர் என்றும் சங்கப் புலவர் அதனைப் பலகாலும் பாடினர். ஆயினும் மலேசியத் தமிழ் மாணவர் பலருக்கு அஃது ஏட்டில் மட்டும் பூக்கும் பூவாகவே உள்ளது. இக்குறையை ஒரு தொட்டியைக் கொண்டே தீர்க்கலாம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் பால்கனியும், கிள்ளான் வரிசை வீட்டின் முன்தாழ்வாரமும் அதற்குப் போதிய இடங்களே. ஆனால் இங்கே காந்தள் வளர்ப்போர்க்கு ஒரு விந்தையான இடர் உண்டு. செடிக்கு நீர் கிடைக்காமை அன்று; நீர் ஓயாமையே அவ்விடர்.

காந்தள் கிழங்கினின்று எழும் கொடி. வெங்காயம்போல் மடல்மடலாக அமையாது, கலப்பைபோல் வளைந்து இரு கவையாக இருக்கும் கிழங்கு அது. கலப்பைக்கிழங்கு என்னும் பெயர் இவ்வடிவால் வந்தது. தமிழகத்தில் மழை விழுந்ததும் முளைக்கும். கார்த்திகையை ஒட்டிப் பூக்கும். மழை நின்றதும் கொடி காய்ந்து மறையும். மண்ணுக்குள் பழைய கிழங்கு தன் சத்தெல்லாம் கொடுத்து வற்றிப்போக, புதுக்கிழங்கு அதனிடத்தில் திரண்டு, கோடை முழுதும் ஒரு துளி நீரும் வேண்டாது உறங்கும். வறட்சியைத் தாங்கும் செடி என்று இதனைக் கூறுவது உண்மையில் பாதியே. வறட்சி இதற்கு ஓய்வுக்காலம். அது வாராவிடில் கிழங்கு அழுகும்.

தமிழகத்தின் ஓராண்டுச் சராசரி மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூரிலோ 2,000 மில்லிமீட்டரையும் கடக்கும். மழையற்ற மாதம் என்று ஒன்று அங்கு இல்லை. ஆதலின் கிள்ளான் பள்ளத்தாக்கில் கோடையை வளர்ப்பவரே செய்து தரவேண்டும்.

ஓர் அடி அகலமுள்ள மண்தொட்டி நன்று. அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும். தோட்டமண்ணோடு பருமணலும் மக்கிய எருவும் கலந்து, கிழங்கைப் படுக்கைவாக்கில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைக்கவேண்டும். முளைக்கண் கவையின் நுனியில் மட்டுமே உண்டு. அது முறிந்தால் அக்கவை முளைக்காது. முளை தோன்றும்வரை ஈரம் சிறிதே போதும். கொடி எழுந்தபின் மேல்மண் உலர உலர நீர் ஊற்றலாம். தொட்டியின் கீழ்த் தட்டு வைப்பது வேண்டா. தேங்கும் நீர் கிழங்கையும் கெடுக்கும். டெங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் வீடாகும்.

இச்செடிக்குத் தனியே பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பற்றும். பருத்த கழியை அது பற்றமாட்டாது. மெல்லிய மூங்கிற்குச்சியோ கயிறோ கட்டித் தரவேண்டும். காலை வெயில் படும் இடம் இன்றியமையாதது. வீட்டின் உள்ளறையில் வைத்தால் கொடி நீளும், பூ வாராது.

பூத்து முடிந்து இலை பழுக்கத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிடவேண்டும். இங்கேதான் பலர் இரக்கத்தால் தவறுகின்றனர். வாடுகிறதே என்று ஊற்றும் அந்த ஒரு குவளை நீர் கிழங்குக்கு ஊறு செய்யும். தொட்டியைச் சாரல் படாத இடத்திற்கு மாற்றி இரண்டு மூன்று மாதம் அப்படியே விட்டால், பின் புதுமண்ணில் மீண்டும் நடலாம்.

மலரும்போது இதழ் பசுமை கலந்திருக்கும். பின் அடிப்பகுதி மஞ்சளாக, நுனி சிவக்கும். முடிவில் முழுதும் செந்நிறமாகும். இதழ் ஆறும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். மலாய்மொழியில் இதனைக் 'கெம்பாங் சுங்சாங்' என்பர். தலைகீழ்ப் பூ என்பது பொருள். தோன்றி என்பதற்குச் செங்காந்தள் என்றும், கோடல் என்பதற்கு வெண்காந்தள் என்றும் உரைகாரர் பொருள் கூறுவர். குறிஞ்சிப்பாட்டிலோ காந்தள், தோன்றி, கோடல் மூன்றும் தனித்தனியே வருகின்றன. ஒரே மலர் சில நாளில் இத்தனை நிறம் காட்டுவதைக் கண்ட ஆசிரியர்க்கு, அவ்விடத்தைப் பாடம் சொல்லும்போது புதிய வினாக்கள் எழும்.

அழகுக்கு நிகராக நஞ்சும் உடையது காந்தள். வேர்க்கிழங்கு, விதை, இலை யாவற்றிலும் கோல்ச்சிசின் என்னும் பொருள் உண்டு. 'கவுட்' என்னும் மூட்டுநோய்க்கு அது மருந்து. அதன்பொருட்டே ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். அளவு மிகின் உயிர் போக்கும். வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. உண்டவுடன் தெரியாமல், சில மணிநேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதுவரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். இலங்கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கென மயங்கி உண்டு மாண்டோர் உண்டு. ஆகவே உறங்கும் கிழங்கைத் தோண்டி அடுக்களைப் பக்கம் வைத்தல் கூடாது, தொட்டியிலேயே விடுக. தவழும் குழந்தையும், பூனையும் நாயும் உள்ள வீட்டில் எட்டாத உயரம் வேண்டும். அவ்வசதி இல்லாத வீட்டில் வளர்க்காமையே நன்று. தொட்டியைப் பள்ளி வளாகத்தில் வைப்பதும் தகாது. வீட்டில் பூத்ததை ஒரு குவளை நீரில் கொண்டுசென்று, மேசைமீது வைத்துக் காட்டி, மணியடித்ததும் ஆசிரியரே எடுத்துச் சென்றுவிடலாம்.