தொழுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிதல்

தொழுநோய் என்பது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் நுண்ணுயிரியால் தோலையும் புற நரம்புகளையும் தாக்கும் நோயாகும். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் இதுவும் ஒன்று. இந்நுண்ணுயிரியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு இறுதியில் நோயுற்றோர் விகிதம் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்தது. நோய் அற்றுப்போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர்; அவர்களுள் குழந்தைகளும் உண்டு.

அறிகுறிகளும் சோதனையும்

தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றும். அரிப்போ வலியோ இராது. அரித்தால் மக்கள் தாமாகவே மருத்துவரிடம் செல்வர். அரிக்காததால் தேமல் என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் தேமலில் உணர்ச்சி குறையாது, தொழுநோய்ப் படையில் குறையும். வேறுபாட்டை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியைக் கண்களை மூடச் சொல்லி, முதலில் நல்ல தோலிலும் பிறகு படையிலும் பேனா முனையால் மெதுவாகத் தொடுவர். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்துள்ளதா என்றும் தடவிப் பார்ப்பர். முதுகு, புட்டம் போன்ற மறைவிடங்களில் உள்ள படைகளை நோயாளியே அறிந்திருக்கமாட்டார். எனவே வீடுவீடாகச் செல்லும் குழுவில் ஆஷா பணியாளருடன் ஓர் ஆணும் இடம்பெறுகிறார்.

விரல்கள் அழுகி விழும் என்பது தவறான நம்பிக்கை. வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதன் உண்மைக் காரணத்தை விளக்கினார். உணர்ச்சியற்ற கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கும். உணர்ச்சியற்ற கால் முள்ளை மிதித்த பின்னும் நடக்கும். வலி தெரியாததால் காயம் ஆறுவதற்கு ஓய்வே கிடைப்பதில்லை.

சிகிச்சை

ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் ஆகியவை அடங்கிய கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். கிருமி அழியும், நெடுநாள் சிதைந்த நரம்பு மீளாது. காலந்தாழ்த்துவதன் இழப்பு இதுவே.

குளோபாசிமின் தோலைக் கருக்கச் செய்யும். மருந்து முடிந்தபின் அது மெல்ல மறையும் என்று முன்பே சொல்லாவிட்டால், ஊரார் கண்டுகொள்வர் என்று அஞ்சிச் சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுவர். இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. நோயாளிகளை ஒதுக்கிவைக்க இடமளித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரும் வழியை நாடாளுமன்றம் அடைத்தது 2019-இல்.

உடன் வாழ்வோரையும் சோதிப்பது அவசியம். நோயில்லாதவருக்குத் தடுப்பாக ஒரேயொரு வேளை ரிபாம்பிசின் கொடுக்கப்படுகிறது. ஆனால் ஒரு வீட்டை மட்டும் தேடிச் சென்றால் நோயாளி யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும். சொறி, படர்தாமரை எல்லாவற்றுக்கும் பொதுவான தோல் நோய் முகாமாக நடத்தினால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.