ஓசி வேன், பிரியாணி பொட்டலம், அரை கிரவுண்டு மனை!
அட்வான்ஸ் கொடுக்கும் முன் உஷார்!

சென்னை,

ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரத்திலோ கோயம்பேட்டிலோ வேன் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் கிடையாது. மதுராந்தகம் பக்கமோ ஊத்துக்கோட்டை பக்கமோ கொண்டுபோய் இறக்கி விடுவார்கள்.

கலர் கலராகக் கொடி. வெள்ளை அடித்த கல். பந்தலில் சுடச்சுட பிரியாணி. "இன்னிக்கு புக் பண்ணாத்தான் சார் இந்த ரேட்டு. நாளைக்கு சதுர அடிக்கு 100 ரூபா ஏறிடும்" என்று காதில் ஓதுவார்கள். சாப்பிட்ட வாய்க்கு 'வேண்டாம்' என்று சொல்ல மனசு வராது. டோக்கன் அட்வான்ஸ் கைமாறி விடும்.

முதல் தடவையாக மனையில் பணம் போடுகிற குமாஸ்தாக்களும் சின்னக் கடைக்காரர்களும் மாட்டிக் கொள்வது இந்தப் பந்தலில்தான். பி.எப். பணம், சீட்டு எடுத்த பணம், மனைவியின் கழுத்து நகை எல்லாம் அந்த வெள்ளைக் கல்லுக்குள் போய் விடுகிறது. பேப்பர்களைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்!

என்னென்ன பார்க்க வேண்டும்? விவரம் வருமாறு:-

பஞ்சாயத்து அப்ரூவலா?

சென்னைப் பெருநகர எல்லைக்குள் சி.எம்.டி.ஏ. அப்ரூவல் வேண்டும். அதற்கு வெளியே டி.டி.சி.பி. அப்ரூவல் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் போதும் சார்" என்று யாராவது சொன்னால் பேசாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து விடலாம்.

அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 20-ந்தேதிக்கு முன் உருவான மனைகளைப் பணம் கட்டி வரன்முறை செய்ய 2017-ல் விதி வந்தது. பழைய மனை என்றால் அந்த வரன்முறை உத்தரவைக் கேளுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள புது மனைப் பிரிவு என்றால், 'ரெரா' என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரெரா சட்டம். அதையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். நிலம் வீடு விஷயத்தில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015-ல் இருந்து வருமான வரிச் சட்டப்படி தப்பு.

அப்ரூவல் ஆன லே-அவுட் படத்தையும் கையில் வைத்துக் கொண்டு இடத்தைச் சுற்றி வாருங்கள். படத்தில் 'பூங்கா' என்று இருப்பது நேரில் 'கார்னர் பிளாட்' ஆகி இருக்கலாம்!

செத்தவர் கொடுத்த பவர்

நிலம் ஒருவருடையது, விற்க வருபவர் இன்னொருவர். கேட்டால் "பவர் என் பேர்ல இருக்கு" என்பார். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் பொதுவாக அந்தப் பவர் செல்லும். அவர் கண்ணை மூடினால் அது வெறும் காகிதம். ஆனால் பத்திரத்தைப் பார்த்தால் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாது. பெரியவருக்குக் காரியம் முடிந்த பிறகும் அதே பவரை வைத்து விற்று, வாங்கினவர் கோர்ட்டுக்கு அலைவது உண்டு.

அதனால் பவர் கொடுத்தவரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "வெளியூர்ல இருக்காரு" என்றால், ஊருக்கு வரட்டும் என்று சொல்லுங்கள். பவரை ரத்து செய்திருக்கிறாரா என்பதை வில்லங்கத்தில் பார்க்க வேண்டும்.

கிரையப் பத்திரம் போடாமல் பவரை மட்டும் எழுதி வாங்கிக் கொண்டு 'இடம் என்னுது' என்று இருப்பவர்களும் உண்டு. அப்படி வாங்கினால் சொத்து உரிமை வராது என்று 2011-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது.

தங்கச்சி கையெழுத்து எங்கே?

பூர்வீக நிலம் என்றால் இன்னொரு சிக்கல். அண்ணன், தம்பி 3 பேர் வந்து கையெழுத்துப் போடுவார்கள். சேலத்தில் கட்டிக் கொடுத்த தங்கச்சியைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

இந்துக் கூட்டுக் குடும்ப சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணம் ஆகி விட்டது என்பதெல்லாம் செல்லாது. நீங்கள் வீடு கட்டி கிரகப்பிரவேசம் முடித்த பிறகு அந்தத் தங்கச்சி பங்கு கேட்டு கேஸ் போட்டால் அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? வாரிசுச் சான்றிதழை வாங்கி ஒவ்வொரு தலையாக எண்ணுங்கள்.

வில்லங்கம் குறைந்தது 30 வருஷத்துக்குப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை வெப்சைட்டிலேயே பார்க்கலாம். ஆனால் பதிவான பத்திரம்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. ஆகவே தாய்ப் பத்திரத்தின் ஒரிஜினலை வக்கீலிடம் காட்டுங்கள். அந்த வக்கீல் நீங்கள் பிடித்த வக்கீலாக இருக்கட்டும், வேன் அனுப்பினவர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

கார்த்திகையில் போங்கள்

சர்வே நம்பரைப் போட்டால் பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் அரசு வெப்சைட்டில் பார்க்கலாம். ஏரி, வாய்க்கால், மேய்க்கால் என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்து விடுங்கள்.

பேப்பர் சுத்தமாக இருந்தும் இடம் பள்ளமாக இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. மனை பார்க்க ஐப்பசி, கார்த்திகைதான் நல்ல காலம். கோரைப்புல் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து டீக்கடைக்காரரிடம் 'தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?' என்று கேளுங்கள். புரோக்கர் இல்லாதபோது கேட்பது உத்தமம்.

லாபம் எவ்வளவு?

அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. அடி 1,500 ரூபாய் என்றால் 18 லட்சம். அந்தத் தொகைக்கே பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 62 ஆயிரம். புரோக்கர் கமிஷன் தனி. விலை இவ்வளவும் ஏறினால்தான் போட்ட பணமே கைக்கு வரும். (10 லட்சம் வரை உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலில் இருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.)

காலி மனைக்கு வாடகை வராது. அவசரத்துக்கு நகை என்றால் அடகுக்கடையில் அரை மணியில் பணம். மனையை விற்க மாசக்கணக்கில் ஆகும். பிள்ளை காலேஜ் பீசுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.

'கிளாம்பாக்கத்தில் இருந்து 10 நிமிஷம்' என்று நோட்டீஸ் போடுகிறார்கள். எந்த வண்டியில் என்று போடுவதில்லை! புது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானது 2022 ஆகஸ்டில். 'ஏர்போர்ட் பக்கம்' என்று சொன்னால், அந்த சர்வே நம்பரே கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் விசாரிக்க வேண்டும்.

எல்லாம் சரியாகிப் பத்திரமும் ஆகிவிட்டால், உடனே பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சர்வேயரை வைத்து அளந்து, 4 மூலையிலும் கல் நட்டு, கம்பி வேலி போடுங்கள். பக்கத்து மனைக்காரரின் போன் நம்பரையும் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். கல் நகர்ந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.