சீட்டைப் பிடிக்க ஓர் ஆள்

தூத்துக்குடியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் மாப்பிள்ளையூரணி. கண்ணுக்கு எட்டியவரை மேடு கிடையாது, அக்கம்பக்கமெல்லாம் உப்பளம். சைக்கிள் பழக இதைவிடத் தோதான தரை அமையாது. ஆனால் தரை மட்டும் யாருக்கும் சைக்கிள் கற்றுக்கொடுத்துவிடாது. சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவர ஓர் ஆள் வேண்டும். பழகிய பிறகு துணைக்கு மிதித்து வருவதும் பெரும்பாலும் அதே ஆள்தான்.

அப்படி ஒருவருக்கு ஒருவர் சீட்டைப் பிடித்துவிட்டு ஒரு மாவட்டமே சைக்கிள் ஏறியது புதுக்கோட்டையில். 1991-ல் அங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பாடம் சொல்லிக்கொடுக்க உள்கிராமங்களுக்குப் போகவேண்டிய பெண் தொண்டர்கள் பஸ்ஸை நம்பியிருந்தால் வேலை ஓடாது. அதனால் கலெக்டர் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி பிறந்தது. வயல்வேலை, கல்குவாரி வேலை பார்த்த பெண்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என வரிசையாக வந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் புகுந்தார்கள்.

இந்தச் சைக்கிள் இயக்கத்தைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறியதாகச் சொல்கிறார். அவர் குறிப்பிடும் இன்னொரு விஷயம், நேற்றுப் பழகியவர் இன்று பழக்கிவிடுபவராக மாறியது. கூலி எதிர்பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாமுக்கு வந்து அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிள்ளையை உட்காரவைக்க முன்பக்க பார் வசதியாயிற்றே! விளைபொருள் விற்க, தண்ணீர் கொண்டுவர, பஸ் ஸ்டாப்புக்குப் போக அப்பாவையோ புருஷனையோ எதிர்பார்ப்பது குறைந்தது.

துணை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகாரில் கணக்கே இருக்கிறது. அங்கே 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் கூடியது. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சைக்கிள் கிடைத்ததால் கூட்டமாகப் போனார்கள். வழியில் பயமும் ஊர்ப்பேச்சும் குறைந்தன என்பது ஆய்வாளர்கள் கருத்து. தமிழ்நாட்டில் அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறது. பள்ளி முடிந்ததும் அவற்றில் எத்தனையோ வண்டிகள் காற்றிறங்கித் திண்ணையோரம் நிற்கின்றன.

பெரியவர்களுக்குப் பழக்குவது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. முதலில் சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி வைக்கவேண்டும். முடிந்தால் பெடலைக் கழற்றிவிட்டு, காலால் தள்ளித் தள்ளி உருட்டச் சொல்லலாம். வண்டி சாயாமல் நிற்கும் பிடி வந்தபிறகு பெடலை மாட்டினால் போதும். ஹாண்டில்பாரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பழகுகிறவர் தானாகத் திருப்பினால்தான் சமநிலை கைவரும். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கட்டும்.

சேர்ந்து கிளம்பும் நாளிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேகத்தைத் தீர்மானிக்கவேண்டியவர் புதியவர்தான். கெட்டிக்காரர் முன்னால் பறந்துவிட்டால் மறுவாரம் துணை வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையில் கச்சான் என்னும் மேற்குக் காற்று வேகமாக அடிக்கும். மேற்கு முகமாக மிதிக்கையில் பழகியவர் முன்னால் போய்க் காற்றை உடைத்தால், நெருக்கிப் பின்தொடர்கிறவருக்கு மிதி லேசாகும். ஆனால் இப்படி ஒட்டிப் போவது பிரேக் நன்றாகக் கைவந்த பிறகுதான். லாரி ஓடும் கடற்கரைச் சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். விடியுமுன் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் அப்படிக் காற்றிறங்கிய ஒரு சைக்கிள் நிற்கிறதா? டியூபைப் பார்த்துக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், சைக்கிள் ஓட்டத் தெரியாத தோழி ஒருத்தியை மைதானத்துக்குக் கூப்பிடுங்கள்.