பறவை தேடி வரும் பயணிகள். காட்டைக் காக்கும் புகுன் கிராமம்

புது தில்லி: அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு காமெங் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் லாமா முகாம் என்ற சிறிய தங்குமிடம் உள்ளது. பொழுது புலர்வதற்கு முன்பே அங்கு பயணிகள் கூடிவிடுகின்றனர். பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் இவ்வளவு தொலைவு அவர்கள் வருவது, ஓர் அடி நீளம்கூட இல்லாத ஒரு பறவையைக் காண்பதற்காக.

புகுன் லியோசிக்லா என்பது அப்பறவையின் பெயர். நீலகிரியில் காணப்படும் சிரிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாம்பல் கலந்த ஆலிவ் நிற உடல், கருந்தலை, கண்ணருகே மஞ்சள் தீற்றல், சிறகில் பொன்னிறமும் செந்நிறமும் கொண்டது. உலகில் வேறெங்கும் இது பதிவு செய்யப்பட்டதில்லை. இதன் நெருங்கிய உறவான பறவை வாழ்வது ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அப்பால், சீனாவில்.

அழியும் நிலையின் விளிம்பில் உள்ள உயிரினமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைப் பட்டியலிட்டுள்ளது. இருப்பினும் இதன் கதை பறவையியலோடு முடிந்துவிடவில்லை. ஒரு காட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டியது தில்லியா, அக்காட்டில் வாழும் மக்களா என்ற பழைய கேள்வி இங்கு மீண்டும் எழுந்துள்ளது.

கொல்லாமல் சூட்டப்பட்ட பெயர்: இப்பறவையை 1995-ஆம் ஆண்டில் முதன்முதலில் கண்டவர் ரமணா ஆத்ரேயா. தொழிலால் அவர் வானியல் விஞ்ஞானி. பறவை நோக்குதல் அவரது ஈடுபாடு. மீண்டும் அதைப் பார்க்க அவர் 10 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2006-ஆம் ஆண்டில் "இந்தியன் பேர்ட்ஸ்' இதழில் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது.

புதிய இனம் ஒன்றை அறிவிக்கும்போது, அதில் ஒன்றைக் கொன்று பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைப்பதே நெடுநாளைய மரபு. ஆனால் அப்போது கண்டறியப்பட்டிருந்தவை 14 பறவைகள் மட்டுமே. ஒன்றைக் கொல்வதும் பேரிழப்பாகும் என்பதால், வலையில் சிக்கிய பறவையின் சில இறகுகள், புகைப்படங்கள், குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே இனம் விவரிக்கப்பட்டு, பறவை பறக்கவிடப்பட்டது. அந்த வட்டாரத்தில் வாழும் சிறிய பழங்குடியான புகுன் மக்களின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

கூடலூரில் தொடங்கிய வழக்கு: இந்தக் காடுகளுக்கும் தமிழகத்துக்கும் எதிர்பாராத தொடர்பு ஒன்று உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நாடு முழுவதற்குமான வழக்காக அது விரிவடைந்தது. 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட இடைக்கால உத்தரவு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரங்களை வெளியே கொண்டு செல்வதற்குத் தடை விதித்தது.

காடுகளைக் காத்த அந்த உத்தரவு, மர வணிகத்தை நம்பியிருந்த அருணாசல கிராமங்களின் வருமானத்தையும் ஒரே நாளில் பறித்தது. மாற்று வழி என்ன என்ற கேள்விக்கு விடை உடனே கிடைக்கவில்லை.

ஈகிள்நெஸ்ட் வட்டாரத்தில் அந்த விடையின் ஒரு பகுதியைத் தந்தது பறவைகளைத் தேடிவந்த பயணம். 218 சதுர கி.மீ. பரப்புள்ள ஈகிள்நெஸ்ட் வனவிலங்கு சரணாலயம், சுமார் 500 மீட்டரிலிருந்து 3,250 மீட்டர் வரை உயர்ந்து செல்கிறது. அதனால் அடிவாரத்துப் பறவைகளையும் குளிர்மலைப் பறவைகளையும் ஒரே பயணத்தில் காண இயலும். இங்கு பதிவான பறவை இனங்கள் 400-க்கும் மேற்பட்டவை. முகாம், சமையல், வாகனம், வழிகாட்டுதல் என எல்லாவற்றையும் உள்ளூர் மக்களே நடத்தும் ஏற்பாடு உருவானது. இதற்கு ஊக்கமளித்த ஆத்ரேயாவுக்கு 2011-ஆம் ஆண்டில் பிரிட்டனின் விட்லி விருது வழங்கப்பட்டது.

ஆய்வாளர்களும் தொடர்ந்து வருகின்றனர். பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு, எடைபோட்டு விடுவித்து, ஆண்டுதோறும் ஒப்பிடும் பணியை உமேஷ் சீனிவாசன் குழுவினர் 2011-ஆம் ஆண்டில் தொடங்கினர். வெப்பம் உயர்வதும் மரங்கள் வெட்டப்பட்டதும் மலைப் பறவைகளின் உயிர்வாழ்வை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இந்த ஆய்வுகள் ஆராய்கின்றன. உள்ளூர் இளைஞர்களின் கைத்திறன் இல்லாமல் இப்பணி நடந்திருக்காது.

சரணாலயத்துக்கு வெளியே: லியோசிக்லா பெரும்பாலும் காணப்படுவது சரணாலயத்தின் எல்லைக்குள் அல்ல, அதை ஒட்டிய புகுன் மக்களின் சமூக நிலத்தில். அங்கு மரம் வெட்டவோ, சாலை அமைக்கவோ, விவசாயம் செய்யவோ அவர்கள் முடிவெடுத்திருந்தால், வனத் துறை தடுப்பது எளிதல்ல.

அவர்கள் எடுத்த முடிவு வேறு. 2017-ஆம் ஆண்டில் 17 சதுர கி.மீ. நிலம் "சிங்சுங் புகுன் கிராம சமூகக் காப்பகம்' ஆக அறிவிக்கப்பட்டது. கிராம இளைஞர்களே அங்கு ரோந்து செல்கின்றனர். அடுத்த ஆண்டே இந்திய பல்லுயிர் விருது அதற்குக் கிடைத்தது.

சமூகக் காப்பகம் என்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டு திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு. நிலம் அரசுடைமை ஆவதில்லை. நிலப் பயன்பாட்டில் மாற்றம் செய்ய வேண்டுமெனில், கிராமப் பிரதிநிதிகள் இடம்பெறும் நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்; அதை மாநில அரசு ஏற்க வேண்டும். முதல் சொல் கிராமத்துக்கு உரியது என்பதே இதன் சாரம்.

எல்லையும் சாலையும்: அந்த உரிமையின் வலிமை சோதிக்கப்படக்கூடிய இடம் சாலை. ஈகிள்நெஸ்ட் என்ற பெயரே ராணுவம் தந்ததுதான். 1950-களில் இங்கு முகாமிட்டிருந்த படைப்பிரிவின் சின்னம் செங்கழுகு. 1962-ஆம் ஆண்டு சீனப் போரை நேரில் கண்ட மாவட்டம் இது. தவாங்குக்கு மாற்று வழி தேவை என்ற ராணுவத்தின் கருத்தை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சரணாலயத்தின் ஊடாகச் செல்லும் பழைய ராணுவப் பாதையை நெடுஞ்சாலையாக்கும் யோசனை எழுந்தபோது, பறவை ஆய்வாளர்கள் கவலை தெரிவித்தனர்.

வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் இந்தக் கவலையை அதிகரித்துள்ளது. சர்வதேச எல்லையிலிருந்து 100 கி.மீ. தொலைவுக்குள், தேசப் பாதுகாப்பு தொடர்பான சாலை போன்ற திட்டங்களுக்கு அச்சட்டத்தின் கீழ் வன அனுமதி பெறுவதிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. ஈகிள்நெஸ்ட் அந்தத் தொலைவுக்குள்தான் உள்ளது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் நிபந்தனைகள் நீடித்தாலும், தடுப்புகளில் ஒன்று தளர்ந்திருக்கிறது.

பயணத்தின் எல்லை: பறவைப் பயணத்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வெளியே வரவழைக்கும் வழக்கம், கூடுகட்டும் காலத்தில் அதன் அமைதியைக் குலைக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைந்த இனத்துக்கு அது சிறிய தொல்லை அல்ல. மேலும், 2020-ஆம் ஆண்டில் கரோனாவால் பயணங்கள் நின்றதும், பயணிகளால் வரும் வருமானமும் நின்றது. பயணிகளை மட்டுமே நம்பி ஒரு காட்டைக் காக்க இயலாது என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

சமூகக் காப்பகங்களுக்கு நிலையான நிதி, ரோந்து இளைஞர்களுக்கு உறுதியான ஊதியம், சாலை குறித்த முடிவில் நிர்வாகக் குழுவின் சொல்லுக்கு மதிப்பு ஆகிய மூன்றும் அரசுகளின் கையில் உள்ளன. ஒரு வழக்கின் பெயரால் இம்மக்களின் பிழைப்பு மறுக்கப்பட்டது. அதன் பிறகும் தங்கள் காட்டைத் தாங்களே விரும்பிக் காக்க முன்வந்தவர்கள் அவர்கள். பாதுகாப்பின் பெயரால் அவர்களது சொல்லும் மறுக்கப்படுமானால், அருணாசலத்தின் மற்றொரு கிராமம் இப்படியொரு முடிவை எடுக்கத் துணியுமா என்பதே இப்போதைய கேள்வி.