ஓரம் உடையாமல் பலகை வெட்டுவோம்

கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மரவேலை புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டில், கம்பளை இராசதானிக் காலத்தில் எழுந்த எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்களை ஒரே மர ஆப்பு பிடித்து நிற்கிறது. ஆனால் இன்று கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ சமையலறைக்கு அலுமாரி செய்யச் சொல்பவர்களில் பலர் கேட்பது மெலமைன் பூசிய பலகையைத்தான்.

2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் நம்மிடையே பலர். தையலும் கோழி வளர்ப்பும் மட்டுமே பெண்களுக்கான சுயதொழில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தப் பலகை வேலைக்கு உடல் பலத்தைவிடப் பொறுமையே அதிகம் தேவை.

மரத்தூளையோ மரச் சீவல்களையோ பிசினுடன் சேர்த்து அழுத்திய பலகையின் மேல், மெலமைன் பிசினில் ஊறிய கடதாசியை ஒட்டியிருப்பார்கள். அந்த மேற்பூச்சு கண்ணாடி போன்றது. கடினமானது, ஆனால் வெடிக்கும். தேக்கில் பிழை விட்டால் சீவுளியால் இழைத்துச் சரி செய்யலாம், இதில் முடியாது. நான் முதன்முதலில் வெட்டிய வெள்ளைப் பலகையின் ஓரம் எலி கொறித்தது போலிருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் டிப்பெக்ஸைப் பூசி மறைத்தேன். மழைக்காலம் வந்ததும் உடைந்த இடத்தால் ஈரம் புகுந்து பலகை ஊதிவிட்டது. கூலியும் போயிற்று, பலகைக் காசும் போயிற்று.

ஓரம் ஏன் உடைகிறது? வாளின் பல் பலகைக்குள் நுழையும் பக்கத்தில் பூச்சுக்குப் பின்னால் மரம் தாங்கி நிற்கிறது. பல் வெளியேறும் பக்கத்திலோ தாங்க ஒன்றுமில்லை. பூச்சு பெயர்ந்து விடுகிறது. ஆகவே உங்கள் வாளின் பல் எந்தப் பக்கத்தால் வெளியேறுகிறது என்பதை முதலில் பாருங்கள். கைவாள் தள்ளும்போது மேலிருந்து கீழே வெட்டும். மேசையில் பொருத்திய வட்டவாளும் அப்படியே. இவற்றுக்கு நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் வட்டவாளும் சாதாரண ஜிக்சோவும் கீழிருந்து மேலே வெட்டுகின்றன. அவற்றுக்கு நல்ல முகத்தைக் கீழே திருப்பி வையுங்கள்.

கதவு போன்றவற்றில் இரு முகமும் தெரியும். பெரிய பட்டறைகளின் இயந்திரத்தில் பிரதான வாளுக்கு முன்னால் சிறிய வாளொன்று சுழன்று பூச்சை மாத்திரம் கீறிக்கொண்டு போகும். அந்த வேலையை நாம் கூரிய கத்தியால் செய்யலாம். இரும்பு அடிமட்டத்தை வைத்து, பூச்சு அறும்வரை நாலைந்து தடவை இரு முகத்திலும் கீறுங்கள். கீழே பழைய பலகையொன்றை வைத்து இறுக்கிப் பிடித்து, கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே வெட்டுங்கள். மிஞ்சியதை அரத்தால் தேயுங்கள். அரம் எப்போதும் பூச்சிலிருந்து உள்நோக்கியே போக வேண்டும்; வெளிநோக்கி இழுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மின்வாள் வைத்திருப்பவர்கள் கார்பைட் நுனியுள்ள, பல் நெருக்கமான வாளை வாங்குங்கள். 10 அங்குல வாளுக்கு 80 பல் நல்லது.

அளவெடுக்கும்போது வாள் தின்னும் தடிப்பை மறக்க வேண்டாம். 8 அடிப் பலகை 2440 மி.மீ. அதை நான்காகப் பிரித்தால் தலா 610 வருமென்று கணக்குப் பார்ப்போம். வாள் ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. எடுத்தால், மூன்று வெட்டுக்கு 9 போய்விடும், துண்டொன்று 607.75தான்.

இதன் தூசு சாதாரண மரத்தூளைப் போன்றதல்ல. பிசினில் போர்மல்டிஹைட் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. குழந்தை தூங்கும் அறையில் வெட்டாதீர்கள். முகமூடியும் கண்ணாடியும் அணியுங்கள். மின்வாளுக்கு அருகில் போகுமுன் பின்னலைக் கொண்டையாக முடிந்து, துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள்.

வெட்டிய ஓரத்துக்குப் பசை பூசிய ஓரப்பட்டி கடைகளில் கிடைக்கிறது. துணி அழுத்தும் இஸ்திரிப் பெட்டியாலேயே அதை ஒட்டலாம். கைவேலை ஏற்கனவே தெரிந்தவர்களைப் பரீட்சித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். அதற்கு முன், பட்டறைகளில் மிஞ்சும் துண்டுப் பலகைகளைக் கேட்டு வாங்கி, இருபது முப்பது வெட்டு வெட்டிப் பாருங்கள்.